முள் ஏறாத வண்டி

போன மாதம் என் காரின் முன்பலகையில் மஞ்சளாக ஒரு சின்ன விளக்கு எரியத் தொடங்கியது. எரிந்துவிட்டுப் போகட்டும் என்று நான்கு நாள் கண்டுகொள்ளாமல் ஓட்டினேன். நான் பழைய மெக்கானிக். ஊரார் வண்டியில் எலிப்புழுக்கை கிடந்தால்கூடக் கண்டுபிடிப்பேன், சொந்த வண்டி என்றால் கண் தெரியாது. ஐந்தாம் நாள் என் மனைவி, "அது ஒங்களப் பாத்துக் கண்ணச் சிமிட்டிக்கிட்டே இருக்கு, நான் ஆட்டோவுல போறேன்" என்று இறங்கிக்கொண்டாள். சரி என்று, குத்துக்கல்வலசையில் எங்கள் தெருமுனைக்குப் பக்கத்திலேயே புதிதாக வந்திருக்கும் சர்வீஸ் நிலையத்துக்கு வண்டியை விட்டேன்.

சீருடை போட்ட ஒரு பெண் வந்தாள். என் மகள் வயதுதான் இருக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கருவியைச் சொருகி, கையில் இருந்த திரையைப் பார்த்தாள். நான் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறேன், அவள் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"சார், இன்ஜின் சூடாகவே மாட்டேங்குது. ரொம்பக் கூலா ஓடுது. தெர்மோஸ்டாட் வால்வு தொறந்தே நின்னுட்டு. மைலேஜ் கொறஞ்சிருக்கணுமே சார், கவனிக்கலியா?" என்றாள். பிறகு, சாதாரணமாகத்தான், "யாராச்சும் முன்னாடி கை வச்சாங்களா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொன்னேன். அது உண்மைதான், இந்த வண்டியில் யாரும் கை வைக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வியும் அந்த 'இல்லை'யும் எனக்குப் பழக்கமானவை. இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் ஒருவர் இதையே என்னிடம் கேட்டார். அன்றைக்கும் இதையே சொன்னேன். அன்றைக்குச் சொன்னது பொய்.

அவள் குழாயைக் கழற்றினாள். இன்ஜினைக் குளிர்விக்கிற கூலண்டுக்கு ஒரு வாடை உண்டு. இனிப்பும் சூடான ரப்பரும் கலந்தது, பாகு காய்ச்சும்போது பாத்திரத்துக்கு வெளியே சிந்தி அடுப்பில் தீய்ந்தால் வருமே, கிட்டத்தட்ட அது. அதை மோந்த உடனே நான் யானைப்பாலத்துக்குப் பக்கத்தில் இருந்த என் தகரக் கொட்டகைக்குப் போய்விட்டேன்.

அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. மதுரையில் இரண்டு வருடம் ஒரு பட்டறையில் வேலை பார்த்துவிட்டு, எல்லாம் தெரிந்துவிட்டது என்ற நினைப்போடு தென்காசிக்குத் திரும்பி வந்து, கொட்டகைக்கு முன்னால் 'டீசல் ஸ்பெசலிஸ்டு' என்று பலகை மாட்டியிருந்தேன். எழுதியவர் 'ஷ' போட மறந்துவிட்டார். நானும் திருத்தச் சொல்லவில்லை. மற்றவர்களைத் திருத்துவதற்கே எனக்கு நேரம் போதவில்லை.

என் பெயர் பரவியது ஒரே ஒரு விஷயத்தினால். என்னிடம் வந்து போன வண்டி சூடாகாது. ஆரியங்காவு ஏற்றத்தில் நின்று நின்று தண்ணீர் ஊற்றிப் போன வண்டிகள்கூட என் கை பட்ட பிறகு ஒரே மூச்சில் ஏறின. "அவன்கிட்ட விட்டா இன்ஜினு குத்தால அருவியில நிப்பாட்டுன மாதிரி குளுந்துரும்லே" என்று டாக்ஸி ஸ்டாண்டில் பேசிக்கொள்வார்கள். காதில் விழாததுபோல நடந்து போவேன். அப்படி நடப்பதற்குத் தனியாக ஒரு நடை வைத்திருந்தேன்.

அந்த வித்தை என்னவென்று சொல்லிவிடுகிறேன். இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே ஒரு சின்னக் கதவு உண்டு. அதுதான் அந்த வால்வு. இன்ஜின் பதமான சூட்டுக்கு வரும்வரை அது மூடியிருக்கும். சூடானதும் தானாகத் திறந்து தண்ணீரை ஆறவைக்க ரேடியேட்டருக்கு அனுப்பும். நான் அந்தக் கதவையே கழற்றித் தூர எறிந்துவிடுவேன். அவ்வளவுதான் வித்தை. நான் மட்டுமல்ல, இந்தப் பக்கத்தில் அநேகம் பேர் அப்படித்தான் செய்தார்கள். வெளிநாட்டில் பனி பெய்கிறது, அவனுக்கு வேண்டும், நமக்கு எதற்கு என்பதுதான் எல்லோருடைய நியாயமும்.

இதை நினைக்கும்போது எனக்கு வேறொன்று தோன்றும். நம் பேச்சில் சூடு என்றால் எப்போதுமே சீக்குத்தான். சூட்டு உடம்பு, சூட்டுக்கட்டி, சூடு பிடித்துக்கொண்டது. குளிர்ச்சி என்றால் நல்லது. கண்ணுக்குக் குளிர்ச்சி, வயிற்றுக்குக் குளிர்ச்சி, மனம் குளிர்ந்தது. சனிக்கிழமை தலை நிறைய எண்ணெய் வைத்து, அருவியில் நின்று, சூட்டை இறக்கிவிட்டு வருகிற ஊர்க்காரனுக்கு, ஒரு பொருள் போதிய அளவு சூடாகாமல் கெட்டுப்போகும் என்று யாராவது சொன்னால் புரியுமா? எனக்குப் புரியவில்லை. டீசல் ஸ்பெசலிஸ்டுக்கு.

சொல்ல வந்தது இசக்கிமுத்து அண்ணாச்சியைப் பற்றி. அவர் ஒரு வெள்ளை டீசல் டாக்ஸி ஓட்டினார். வண்டி அவருடையது அல்ல, ரதவீதியில் இருந்த ஒரு பாத்திரக்கடைக்காரருடையது. ஒன்பது வருடமாக அந்த ஒரே வண்டி, அந்த ஒரே ஓட்டுநர். ஒல்லியான மனிதர், காக்கிச் சட்டையைத் தேய்த்துப் போடுவார். சீசனில் குற்றாலத்தில் குளித்தவர்கள் ஈரத்துண்டோடு ஏறுவார்கள் என்று சீட்டுக்கெல்லாம் பிளாஸ்டிக் விரித்து வைத்திருப்பார். அப்படியும் அந்த வண்டிக்குள் நல்லெண்ணெய் வாடையும் ஈரத்துண்டு வாடையும் போகவே போகாது. பக்கத்தில் ரம்புட்டான் பழக் கூடை வேறு.

ஒரு சித்திரை மாதம் புனலூர்க் கல்யாணத்துக்கு ஆள் ஏற்றிப் போனபோது, மலையில் வண்டி கொதித்து ஆவி கக்கி நின்றுவிட்டது. மறுநாள் பாத்திரக்கடைக்காரரும் அவருமாக வந்தார்கள். "தம்பி, ரேடியேட்டரு அடைச்சுக் கெடக்கு. கழத்தி, உள்ள ராடு விட்டுச் சுத்தமா குத்தி எடுத்துரு" என்று இசக்கிமுத்து அண்ணாச்சி சொன்னார். சரியாகத்தான் சொன்னார். அது ஒரு நாள் முழுக்க முதுகு ஒடிகிற வேலை. நான் தலையை ஆட்டிவிட்டு, அவர்கள் போன பிறகு அந்தச் சின்ன வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு, ரேடியேட்டரின் வெளிப்பக்கத்தில் மட்டும் தண்ணீரைப் பீய்ச்சியடித்தேன். சாயங்காலம் வந்தவர்களிடம், சுத்தமாகக் குத்தி எடுத்துவிட்டேன் என்று சொன்னேன். வண்டி அதன் பிறகு கொதிக்கவே இல்லை. பாத்திரக்கடைக்காரர் பார்க்கிற இடமெல்லாம் என்னைப் புகழ்ந்தார்.

ஆனியில் சாரல் தொடங்கியது. தென்காசிக்கும் குற்றாலத்துக்குமாக ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டம், அருவிப் பக்கம் நிறுத்தம், மறுபடி ஓட்டம். மலைக்காற்று வேறு. ஒருநாள் அந்த வெள்ளை வண்டி என் கொட்டகைக்கு முன்னால் வந்து நின்றது. ரேடியேட்டருக்கு முன்னால் பழைய காலண்டர் அட்டை ஒன்றை மடக்கிச் சணல் கயிற்றால் கட்டியிருந்தார். அங்கே டீ குடித்துக்கொண்டு நாலைந்து டிரைவர்கள் இருந்தார்கள்.

"என்ன அண்ணாச்சி, வண்டிக்குச் சளி புடிச்சிட்டா? மப்ளர் கட்டிக் கூட்டிட்டு வாறிய!" என்றேன். கொட்டகை அதிர எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், நானே சொன்னதற்கு.

அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து, தணிந்த குரலில் சொன்னார். "சூடு காட்டுற முள்ளு எந்திரிக்கவே மாட்டேங்குது தம்பி. வண்டி சூடாவாமலே ஓடுது. இழுவையும் இல்ல. டீசல் எண்ணெயத் தண்ணியா குடிக்குது. அட்டை கட்டுனாத்தான் கொஞ்சம் கேக்குது."

"சூடானாலும் ஏசுதிய, குளுந்தாலும் ஏசுதிய. ஒங்களுக்கு என்னதான் வேணும்?" என்றேன், பின்னால் இருந்தவர்களுக்கும் கேட்கும்படியாக.

"உள்ள எதுவும் கழத்துனியா?"

"ஒரு ஆணியக்கூடக் கழத்தல."

நான் குனிந்து அந்தச் சணலை அறுத்து, அட்டையை எடுத்துக் குப்பையில் போட்டேன். இதெல்லாம் கட்டிக்கொண்டு போனால் என் பெயர் என்ன ஆவது என்று வேறு சொன்னேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அப்போது அந்த வால்வு இல்லாததனால்தான் எண்ணெய் அதிகம் செலவாகிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் கழற்றியது தெரியும், ரேடியேட்டரைக் குத்தி எடுக்காதது தெரியும். அவர் மேலும் ஒரு கேள்வி கேட்டால் அது வெளியே வந்துவிடும் என்ற பயம் மட்டும் இருந்தது. அறியாமை என்று நான் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

பத்து நாள் கழித்துப் பாத்திரக்கடைக்காரர் வந்தார். இசக்கிமுத்து அண்ணாச்சியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். முகம் சிவந்திருந்தது. ஸ்டாண்டில் யாரோ எதையோ சொல்லியிருக்கிறார்கள். டாக்ஸித் தொழிலில் எண்ணெய் அதிகம் குடிக்கிறது என்றால் யாரும் வண்டியைச் சந்தேகப்படுவதில்லை, டிரைவர் டீசலைத் திருடி விற்கிறார் என்றுதான் நினைப்பார்கள்.

"நீ படிச்ச பையன், நீயே சொல்லுலே. வண்டியில கோளாறா, ஆளுல கோளாறா?"

இசக்கிமுத்து அண்ணாச்சி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். கெஞ்சுகிற பார்வை அல்ல. ஒரு வைத்தியன் வாயிலிருந்து முடிவு வரக் காத்திருக்கிற பார்வை. என் மேல் அவருக்கு அப்போதும் ஏதோ நம்பிக்கை இருந்திருக்கவேண்டும்.

நான் பானெட்டைத் திறந்தேன், இன்ஜினை ஓடவிட்டேன், ஏதோ காதுகொடுத்துக் கேட்பதுபோலத் தலையைச் சாய்த்தேன். "இன்ஜினு ஐஸ் மாதிரி இருக்கு அண்ணாச்சி. வண்டியில ஒரு கோளாறும் இல்ல" என்றேன்.

கேட்டதே இரண்டு பதில்தான். ஒன்றை நான் எடுத்துவிட்டால் மிச்சம் எது என்று எல்லோருக்கும் தெரியும். இசக்கிமுத்து அண்ணாச்சி முன்சீட்டிலிருந்து தன்னுடைய துண்டை எடுத்துக்கொண்டார். டப்பாவில் இருந்த ஒரு சீப்பையும் விபூதிப் பொட்டலத்தையும் எடுத்தார். "நான் எடுக்கல அண்ணாச்சி" என்று முதலாளியிடம் ஒரே ஒரு முறை சொன்னார். பிறகு யானைப்பாலத்துப் பக்கமாக நடந்து போனார். அவர் நடந்து போய் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஒரு மாதம் கழித்து அந்த வண்டி ஆயில் மாற்ற வந்தது. புது டிரைவர் விட்டுவிட்டுப் போயிருந்தார். ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தேன். மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரி வெளுப்பாக, வழவழவென்று அப்பியிருந்தது. ஆயிலில் தண்ணீர் கலந்தால்தான் அப்படி ஆகும். இன்ஜினுக்குள் தண்ணீர் கசியாமல் தடுக்கிற ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று நினைத்து ரேடியேட்டரைப் பார்த்தால், தண்ணீர் ஒரு சொட்டுக் குறையவில்லை. அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. இன்ஜின் உள்ளே சூடே ஆகவில்லை. உள்ளே பிடிக்கிற ஈரம் ஆவியாகி வெளியே போக வழியில்லாமல் அங்கேயே தங்கி ஆயிலோடு கலந்திருக்கிறது.

ஆறவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டருக்குப் போகிற மேல்குழாயில் கையை வைத்தேன். கதவு இருக்கிற வண்டியில் அந்தக் குழாய் வெகுநேரம் குளிர்ந்தே கிடக்கும், பிறகு திடீரென்று சுடும். இதில் முதல் நிமிடத்திலிருந்தே தண்ணீர் ஓடுவது கைக்குத் தெரிந்தது. எவ்வளவு நேரம் ஓடவிட்டும் வெதுவெதுப்புக்கு மேல் ஏறவில்லை. குப்பையைக் கிளறி ஒரு அட்டையை எடுத்தேன், ரேடியேட்டரில் பாதியை மறைத்துக் கட்டினேன், ஐந்தருவி வரை ஓட்டிப் பார்த்தேன். பழைய குற்றாலம் திருப்பத்துக்கு முன்னாலேயே முள் எழுந்துவிட்டது. வண்டி வேறு வண்டியாக இழுத்தது. அருவி இரைச்சல் கேட்கிற இடத்தில் ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன். அந்த மனிதர் கருவி இல்லாமல், புத்தகம் இல்லாமல், ஒரு காலண்டர் அட்டையை வைத்துக் கண்டுபிடித்துச் சொன்னதை நான் கண்டுபிடிக்க இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

நேரே பாத்திரக்கடைக்குப் போயிருக்கவேண்டும். இரண்டு தெரு தூரம். நான் போனது திருநெல்வேலிக்கு, புது வால்வு வாங்க. அதை வீட்டில் பால் காய்ச்சுகிற சட்டியில் தண்ணீர் வைத்துக் கொதிக்கவிட்டுப் பார்த்தேன். கொதி வருவதற்குக் கொஞ்சம் முன்னால், வாய் திறப்பதுபோல மெல்லத் திறந்தது. அம்மா என்னவென்று கேட்டபோது ஒன்றுமில்லை என்றேன். யாருக்கும் சொல்லாமல் அதை வண்டியில் மாட்டினேன். ரேடியேட்டரையும் கழற்றி, சித்திரையில் செய்திருக்கவேண்டிய வேலையை அன்றைக்குச் செய்தேன், முதுகு ஒடிய. ஆயில் மாற்றியிருக்கிறேன் என்று மட்டும் சொல்லி வண்டியைக் கொடுத்தேன். தப்பைச் சரிசெய்துவிட்டேன் என்று அன்றைக்கு எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது. எவ்வளவு பெரிய மடையன் பாருங்கள்.

ஏனென்றால் அடுத்த மாதமே பாத்திரக்கடைக்காரர் அல்வாப் பொட்டலத்தோடு வந்து நின்றார். "பாத்தியாலே? அவன் போனதும் எண்ணெய்ச் செலவு தானா எறங்கிட்டு. அதே வண்டி, அதே ரோடு. இனிமே எவனாவது இசக்கிமுத்து யோக்கியன்னு சொல்லட்டும் பாப்போம்!" என்றார். அதுவரை ஊரில் பாதிப்பேர், இருக்காது, அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது அத்தாட்சி கிடைத்துவிட்டது. அந்த அத்தாட்சியைச் சட்டியில் கொதிக்கவைத்துச் சோதித்து, என் கையாலேயே மாட்டிக் கொடுத்தவன் நான்.

அல்வாவை வாங்கிக்கொண்டேன். சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்குப் பிறகு அவருக்கு யாரும் வண்டி கொடுக்கவில்லை. நான் நாலைந்து வருடத்தில் கொட்டகையை விட்டுவிட்டு இன்சூரன்ஸ் வேலைக்குப் போய்விட்டேன். மோதிக் கிடக்கிற வண்டிகளைப் பார்த்து, தப்பு எதனால் நேர்ந்தது என்று எழுதிக் கொடுக்கிற வேலை. சிரிக்காதீர்கள். இடையில் ஒருமுறை, சீசனில், குடும்பத்தோடு ஐந்தருவிக்குப் போனேன். வண்டி நிறுத்துகிற இடத்தில் விசிலோடு நின்று கார்களை ஒதுக்கிக்கொண்டிருந்தவர் இசக்கிமுத்து அண்ணாச்சி. நரைத்துவிட்டது. சட்டை மட்டும் தேய்த்த சட்டை. என் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து, "இன்னும் கொஞ்சம் வலது ஒடிங்க... வரலாம், வரலாம்... போதும்" என்றார். என்னை அடையாளம் தெரிந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இறங்கிச் சொல்லிவிடலாம் என்று கதவுப் பிடியில் கை வைத்தேன். பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது. அவர் விசிலை ஊதிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். வேன் ஹாரன் அடிக்காவிட்டாலும் ஏற்றியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

சர்வீஸ் நிலையத்திலிருந்து வண்டியை எடுத்து வந்த மூன்றாம் நாள் பழைய ஸ்டாண்டுப் பக்கம் போய் விசாரித்தேன். ஸ்டாண்டு இருந்த இடத்தில் செல்போன் கடைகள். டீக்கடைக்காரர் ஒருவருக்கு மட்டும் நினைவிருந்தது. "இசக்கி அண்ணாச்சியா? அவிய தவறி நாலு வருசமாச்சே. மவ கோமதி மேலகரத்துல தையக்கடை வச்சிருக்கா" என்றார்.

மேலகரத்தில் வீட்டோடு சேர்ந்த கடை. வாசலில் ஒரு சின்னக் கார் நின்றது. கோமதிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், அப்பாவைப்போல ஒல்லி. அளவு கொடுக்க வந்திருக்கிறேன் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். நான் உட்காராமலேயே சொன்னேன். யாரென்று சொன்னேன், வால்வைக் கழற்றியதைச் சொன்னேன், பொய் சொன்னதை, திருப்பி மாட்டியதை, அதனால் ஊர் நம்பியதை எல்லாம் சொன்னேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போன மன்னிப்பு மட்டும் வாயில் வரவில்லை. அவள் மிஷினிலிருந்து கையை எடுத்துவிட்டு முழுவதையும் கேட்டாள். ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசினால் நன்றாக இருக்கும் என்று ஆசைப்பட்டேன்.

"பள்ளிக்கூடத்துல எனக்கு டீசலுன்னுதான் பேரு" என்றாள். "அப்பா எங்ககிட்ட சொன்னாவ. ஒருதரம் இல்ல, நூறுதரம். 'ஏட்டி, இன்ஜினு சூடாவலன்னா எண்ணெய குடிக்கும், நான் எடுக்கல'ன்னு. அம்மா நம்புனா. நான் நம்பல."

அவள் என்னைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்துப் பேசினாள்.

"எங்க வீட்டுக்காரரு இந்தக் காரு வாங்குனப்ப, அப்பா ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கட்டுமாட்டின்னு கேட்டாவ. குளிச்சு, சட்டையெல்லாம் தேச்சுப் போட்டுட்டு வந்து நின்னு கேட்டாவ. இந்த வயசுல என்னத்துக்குப்பான்னு சொல்லி நான் சாவியக் குடுக்கல. வயசு காரணம் இல்லன்னு அவியளுக்குத் தெரியும். சரிட்டின்னு போயிட்டாவ."

பிறகு அவள் தைக்க ஆரம்பித்துவிட்டாள். நான் வெளியே வந்தேன். பாத்திரக்கடைக்காரர் எப்போதோ காலமாகிவிட்டார். அந்த வெள்ளை டாக்ஸி இரும்புக்கடைக்குப் போயிருக்கும். என்னோடு சேர்ந்து சிரித்தவர்களில் ஒருவரும் இன்று ஊரில் இல்லை. இசக்கிமுத்து திருடினார் என்ற பேச்சே ஊரில் அற்றுப்போய்விட்டது, இனி நான் போய் யாரிடமும் மறுக்க வேண்டியதில்லை. கார் மட்டும் வாசலில், துடைத்துச் சுத்தமாக நின்றுகொண்டிருந்தது. இப்போது கேட்டால் கோமதி சாவியைக் கொடுத்துவிடுவாள். கேட்க அவர் இல்லை.